17ஆம் நம்பர் குரோமோசோமும் எங்கள் வீட்டுக் குழப்பமும்

என் மார்பகப் புற்றுநோய்க் கட்டியின் ரிப்போர்ட்டை முதலில் படித்தது நான் இல்லை, என் மகன். ஆஸ்பத்திரியில் நகல் கேட்டு வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். வெளியே வருவதற்குள் அவன் அதைப் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பி, அக்கா கைப்பேசியில் தேடிப் பார்த்து அழுது, அத்தைக்கும் போன் போட்டு, எல்லாம் முடிந்திருந்தது. இரண்டாம் பக்கத்தில் குரோமோசோம் 17 எண்ணிக்கை அதிகம் என்று ஒரு வரி இருந்தது, அவ்வளவுதான். மார்பகப் புற்றுநோய், குரோமோசோம் 17 என்று இரண்டையும் சேர்த்துத் தேடினால் முதலில் வந்து நிற்பது பிராக்கா 1. பரம்பரை மரபணு, அம்மாவிடமிருந்து மகளுக்கு வரும் என்றெல்லாம் போட்டிருக்கும். அன்று ராத்திரி எட்டு மணிக்கு நாத்தனார் போன் போட்டு எடுத்த எடுப்பில், "அண்ணி, இது ஒங்க அம்மா வழியா, அப்பா வழியா?" என்று கேட்டாள்.

அந்தச் சமயம் மகளுக்குக் கிள்ளான் பக்கம் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். அந்தக் கேள்வி எங்கே போய் முட்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கீமோ எப்படி இருக்கும், முடி எப்போது வளரும் என்று நிறைய பேர் எழுதிவிட்டார்கள். இந்த ஒரு வரியைப் பற்றி எனக்குத் தமிழில் சொல்ல யாரும் இல்லை. மலாய்க்கார டாக்டர் சொன்னது, மிஸ்ஸி, அதாவது நர்ஸ், சொன்னது, நானாகப் படித்து அடுத்த முறை டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டது, இதையெல்லாம் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் என் கதை, சுருக்கமாக. நான் தோட்ட ஆபிசில் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. அப்பா பால்மரம் வெட்டினார், நான் பிறந்தது தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், இப்போது அந்தத் தோட்டம் முழுக்கச் செம்பனை. எனக்கு 40 வயதானபோது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவிலிருந்து இலவச மருத்துவப் பரிசோதனைக்கு வவுச்சர் வந்தது, அதில் மார்பகப் படமும் சேர்த்தி. நல்லாத்தானே இருக்கிறோம் என்று அதை அலமாரியில் பாஸ்போர்ட்டுக்கு அடியில் வைத்தேன். அங்கேயே காலாவதியாகிவிட்டது. 2022இல், 46 வயதில், குளிக்கும்போது சவர்க்காரம் வழுக்கிய கையில் ஒன்று தட்டுப்பட்டது. ரம்புத்தான் கொட்டை அளவு இருக்கும். வலியே இல்லை. வலி இல்லாததால் 4 மாதம் விட்டுவிட்டேன், வலித்திருந்தால் மறுநாளே ஓடியிருப்பேன். வலிக்காத கட்டிக்குத்தான் முதலில் ஓட வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஊசி போட்டுச் சதைத்துணுக்கு எடுத்தார்கள். அந்த முடிவு வந்த அன்று வார்டில் இருந்த தமிழ் மிஸ்ஸி ஒருத்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, கேன்சர்ங்கிற வார்த்தையிலேயே நிக்காதீங்க. கீழ மூணு வரி இருக்கும், ஈஆர், பிஆர், ஹெர் டூ. அத எழுதி வச்சுக்குங்க, இனி எந்த டாக்டர் கேட்டாலும் இத்தான் கேப்பாங்க" என்றாள். பிறகு பலர் பல யோசனை சொன்னார்கள், இதைவிட உபயோகமான ஒன்றை யாரும் சொல்லவில்லை.

ஈஆர் என்றால் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, பிஆர் என்றால் புரோஜெஸ்டிரோன் ஏற்பி. எனக்குப் புரிந்தது தோட்டத்தில் காலையில் ஆள் கூட்டிக் கணக்கெடுக்கும் பெரட்டை வைத்துத்தான். சின்ன வயதில் விடியற்காலை ஆபிஸ் முன்னால் தொங்கும் தண்டவாளத் துண்டில் தண்டல் அடிப்பார், அந்தச் சத்தத்துக்கு லயமே எழுந்து வேலைக்குக் கிளம்பும். ஈஸ்ட்ரோஜன் அந்த மணி. ரத்தத்தில் ஊர் முழுக்கக் கேட்கும், ஆனால் காது உள்ள செல்தான் எழுந்திருக்கும். ஏற்பி என்பது அந்தக் காது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 70 பேருக்குக் கட்டியில் இந்தக் காது இருக்கும். கேட்க நல்ல செய்தி மாதிரி இருக்காது, ஆனால் நல்ல செய்திதான். காது இருந்தால்தானே அடைக்க முடியும்? தமாக்சிஃபென் மாத்திரை செய்வது அதைத்தான். மாதவிலக்கு நின்றவர்களுக்குக் கொடுக்கும் லெட்ரோசோல் வேறு வழியில் போகும். அது காதை விட்டுவிட்டு மணி அடிப்பதையே நிறுத்திவிடும், அதாவது உடம்பில் ஈஸ்ட்ரோஜன் ஊறுவதைக் குறைத்துவிடும். 1896இலேயே கிளாஸ்கோவில் பீட்சன் என்ற டாக்டர் சினைப்பையை எடுத்துவிட்டால் சில பெண்களுக்கு மார்புக் கட்டி சுருங்குகிறது என்று எழுதியிருக்கிறார். ஈஸ்ட்ரோஜன் என்ற பெயர்கூட அப்போது கிடையாது.

எனக்கு ஈஆர் 8க்கு 8, பிஆர் 8க்கு 5. ஏற்பி இருக்கிறதா என்று சதைத்துணுக்கில் சாயம் போட்டுப் பார்ப்பார்கள், எத்தனை செல்லில் சாயம் பிடித்தது என்பதற்கு 5 வரை, எவ்வளவு அழுத்தமாகப் பிடித்தது என்பதற்கு 3 வரை, இரண்டையும் கூட்டிப் போடும் மார்க் அது. சில ரிப்போர்ட்டில் சதவிகிதமாகப் போடுவார்கள், நூற்றுக்கு ஒன்று இருந்தாலே உண்டு என்றுதான் கணக்கு. வெறும் 'பாசிட்டிவ்' என்று வாயால் சொன்னால் விடாதீர்கள், எத்தனை என்று கேளுங்கள். 2 சதவிகிதமும் 95 சதவிகிதமும் ஒரே பாசிட்டிவ் இல்லை. மாத்திரை எவ்வளவு கேட்கும் என்பதே அதில்தான் இருக்கிறது.

மூன்றாவது வரிதான் வீட்டைக் கலக்கியது. ஹெர் 2 என்பது செல்லின் மேல்தோலில் இருக்கும் இன்னொரு ஏற்பி. ஹார்மோனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் அளவுக்கு மீறி முளைத்தால் செல்லை ஓயாமல் பெருகச் சொல்லும். சாயம் போட்டுப் பார்த்து 0, 1 பிளஸ், 2 பிளஸ், 3 பிளஸ் என்று போடுவார்கள். 0, 1 என்றால் நெகட்டிவ். 3 என்றால் பாசிட்டிவ், அவர்களுக்கு டிராஸ்டுசுமாப் ஊசி, வழக்கமாக 3 வாரத்துக்கு ஒன்று, ஒரு வருடம், நடுவில் இருதயத்தையும் ஸ்கேன் பண்ணிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். 2 பிளஸ் என்றால் சாயத்தை வைத்துச் சொல்ல முடியாது, மரபணுவையே எண்ணிப் பார்க்க வேண்டும். எனக்கு 2 பிளஸ்.

அந்த எண்ணும் பரிசோதனைக்கு ஃபிஷ் என்று பெயர். என் கணவர் மீன் சாப்பிட்டு டெஸ்ட் எடுப்பார்களோ என்று கேட்டார், அந்த வாரத்தில் வீட்டில் சிரித்தது அதற்கு மட்டும்தான். முடிவு வர எனக்கு 3 வாரம் ஆனது. சிலருக்கு அறுவை முதலிலா மருந்து முதலிலா என்பதே அந்த முடிவைப் பொறுத்து மாறும், அதனால் '2 பிளஸ்' என்று பார்த்தால் ஃபிஷ் அனுப்பியாகிவிட்டதா, எப்போது வரும் என்று அன்றைக்கே கேட்டுத் தேதியை எழுதிக்கொள்ளுங்கள். இன்னொன்று, 1 பிளஸ் 2 பிளஸ் ஆட்களிலும் நோய் பரவியவர்களுக்கு 2022இல் அமெரிக்காவில் ஒரு புது மருந்துக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. 'நெகட்டிவ்தான், அந்த நம்பர் எதுக்கு' என்று தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

ஃபிஷ்ஷில் என்ன செய்கிறார்கள் என்றால், கட்டியிலிருந்து மெல்லிசாகச் சீவிய துண்டில் ஒளிரும் சாயம் போட்டு, இருட்டு அறையில் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, செல் செல்லாகப் புள்ளி எண்ணுகிறார்கள். ஹெர் 2 மரபணு சிவப்புப் புள்ளி. அந்த மரபணு உட்கார்ந்திருக்கும் 17ஆம் குரோமோசோமின் நடுப்பகுதி பச்சைப் புள்ளி. சாதாரண செல்லில் இரண்டும் இரண்டிரண்டு இருக்கும். குறைந்தது 20 செல்லாவது எண்ணிச் சராசரி எடுப்பார்கள். என் ரிப்போர்ட்டில் சிவப்பு 3.6, பச்சை 3.1, வகுத்தால் 1.16. விகிதம் 2க்குக் குறையாமல், சிவப்புச் சராசரியும் 4க்குக் குறையாமல் இருந்தால் பாசிட்டிவ். எனக்கு இரண்டுமே இல்லை. பச்சை மட்டும் 3.1 என்று இருந்ததால்தான் 'குரோமோசோம் 17 எண்ணிக்கை அதிகம்' என்று அந்தக் குறிப்பு.

இளம் டாக்டர், மலாய்ப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். நான் நாத்தனார் கேட்டதை அப்படியே மலாயில் கேட்டேன். அவள் உடனே தலையை ஆட்டி, "புக்கான் கெதுருனான், புவான்" என்றாள். பரம்பரை இல்லை. சரி, இல்லையென்றால் குரோமோசோம் எப்படிக் கூடியது? அவள் ஒரு தாளில் வட்டம் வட்டமாகப் போட்டுக் காட்டினாள். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் என் கிராணி மூளைக்கு அது செக்ரோல், அதாவது தோட்டத்து ஆள்கணக்குப் புத்தகக் கணக்காகப் புரிந்தது.

நம் ஒவ்வொரு செல்லிலும் 46 குரோமோசோம், அதாவது மரபணுக்கள் எழுதிய 46 புத்தகம் இருக்கிறது, அம்மா கொடுத்தது 23, அப்பா கொடுத்தது 23. (1956 வரை 48 என்றே உலகம் எண்ணிக்கொண்டிருந்ததாம். ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் சியோ என்பவர் சுவீடனில் உட்கார்ந்து ஒழுங்காக எண்ணி 46 என்று சொன்னார். கணக்குப் பிசகியது கிராணிகள் மட்டும் இல்லை என்று எனக்கு அதில் ஓர் அற்பச் சந்தோஷம்.) செல் இரண்டாகும்போது 46 புத்தகத்தையும் நகல் எடுத்துப் பங்கு வைக்க வேண்டும். புற்றுச் செல் அவசரக்காரக் கிராணி. 17ஆம் புத்தகத்தை மூன்று காப்பி வைத்துவிடும், 16இல் பாதியைக் கிழித்துத் தொலைத்துவிடும், 1இன் ஒரு பகுதியைக் கூடுதலாகச் சேர்த்துவிடும். ஈஆர் உள்ள கட்டிகளில் இந்த 1, 16 விவகாரம் அடிக்கடி பார்க்கிறதுதான் என்று டாக்டர் சொன்னாள். ஆனால் இந்தக் குளறுபடியெல்லாம் கட்டிக்குள் நடந்தது, என் இடது மார்பில். மகளுக்கு நான் கொடுத்த புத்தகங்கள் 24 வருடத்துக்கு முன்பே கொடுத்தாகிவிட்டது. கட்டி கிழித்த பக்கம் அவளிடம் எப்படிப் போகும்?

அப்படியானால் பிராக்கா 1? அதுவும் 17ஆம் புத்தகத்தில்தான் இருக்கிறது, ஹெர் 2க்குப் பக்கத்துத் தெரு மாதிரி. வம்பே அங்கேதான். ஒரே புத்தகத்தில் இருக்கும் இரண்டு வேறு பக்கங்கள், தேடினால் ஒன்றாக வந்து நிற்கின்றன. பிராக்கா 1இல் எழுத்துப் பிழை இருந்தால் அது பிறக்கும்போதே உடம்பின் எல்லாச் செல்லிலும் இருக்கும், அதை ரத்தத்தில் அல்லது எச்சிலில் தேடுவார்கள். பிராக்கா 2 இருப்பது 13ஆம் குரோமோசோமில். ஃபிஷ் இரண்டையும் பார்ப்பதே இல்லை. கட்டியின் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு குடும்பத்துக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது, குடும்பத்துக்கு வேறு பரிசோதனை இருக்கிறது. இதை நான் நாத்தனாரிடம் மூன்று முறை சொன்னேன், மூன்றாம் முறை அவள், "சரி அண்ணி, அப்ப அந்தப் பரிசோதனைய எடுத்துற வேண்டியதுதானே?" என்றாள்.

கோபம் வந்தது. ஆனால் கேள்வியில் தப்பில்லை. யோசித்துப் பார்த்தால் அம்மா வழியா அப்பா வழியா என்று முதல் நாள் கேட்டதுகூடச் சரியான கேள்விதான், பிராக்கா அப்பா வழியிலும் வரும் என்பது நிறைய பேருக்குத் தெரியாது, அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் கேட்டது தப்பான காகிதத்தை வைத்துக்கொண்டு, அவ்வளவுதான்.

மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்கு 5இலிருந்து 10 வரைதான் பரம்பரையாக வருவது. இளம் வயதிலேயே வந்தவர்கள், ஈஆர் பிஆர் ஹெர் 2 மூன்றுமே இல்லாதவர்கள், குடும்பத்தில் சினைப்பைப் புற்றுநோய் இருந்தவர்கள், ஆண் யாருக்காவது மார்பில் வந்தவர்கள், இவர்களைத்தான் முதலில் சோதிக்கச் சொல்வார்கள். நான் எதிலும் சேரவில்லை என்றுதான் நினைத்தேன். பேருக்கு அம்மாவிடம் ஒரு நாள் கேட்டேன். 82 வயது, வெற்றிலை இடித்துக்கொண்டே, "நம்ம பக்கம் யாருக்கும் இந்த நோவு இல்ல. ஒன் சின்னம்மாதான் வயித்துல தண்ணி கட்டிச் செத்தா" என்றார்கள்.

"எந்த வயசுல?"

"நாப்பது, நாப்பத்தொண்ணு இருக்கும். வயிறு மாசமா இருக்கிறவ மாரி ஆயிருச்சு. தோட்டத்து ஆஸ்பத்திரில டிரஸ்ஸர் ஈரல் வீக்கமுன்னு சொன்னாரு. அவளுக்கு ஏது குடி?"

உரலில் தட்டுவது நிற்கவே இல்லை. நான்தான் எழுந்து பின்வாசலுக்குப் போய் நின்றேன். சின்னம்மா 1983இல் இறந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஏழு வயது எனக்கு. வெள்ளைத் துணி மூடியும் வயிறு தெரிந்தது. டாக்டரிடம் இதைச் சொன்னபோது அவள் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள், சினைப்பையாக இருந்திருக்கலாம், சொல்ல முடியாது என்றாள். அதற்குப் பிறகுதான் மரபணு ஆலோசனைக்குச் சீட்டு எழுதினாள். 'கேன்சர் இருந்ததா' என்று கேட்டால் நம் பெரியவர்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள், தோட்டத்தில் அந்தப் பேரில் யாரும் சாகவில்லை. 'யார் எந்த வயசுல எப்படிச் செத்தாங்க' என்று கேளுங்கள்.

ரத்தம் கொடுத்து, மாதக்கணக்கில் காத்திருந்து, முடிவு வந்தது. பிராக்கா 1, 2 இரண்டிலும் கெடுதலான மாற்றம் ஏதும் இல்லை. இப்படி வந்தால் மகளுக்கு ஒன்றும் இல்லை என்று அர்த்தமா? அதுவும் இல்லை. அம்மாவுக்கு வந்திருந்தால் மகளுக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு இருக்கத்தான் செய்கிறது. எனக்கு வந்த வயதுக்கு 10 வருடம் முன்னதாக, 36இல், அவள் படம் எடுக்கத் தொடங்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். கிள்ளான் சம்பந்தம் அதற்குள் நின்றுபோயிருந்தது. காரணம் அவர்கள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நடுவில் கீமோ 6 சுற்று, ரேடியேஷன் 15 நாள் எல்லாம் முடிந்தது. அதை விட்டுவிடுகிறேன். மாத்திரைக் கதைதான் சொல்ல வேண்டும், நான் தப்புப் பண்ணிய இடம் அது. தமாக்சிஃபென் 20 மில்லிகிராம், தினம் ஒன்று, குறைந்தது 5 வருடம், தேவைப்பட்டால் 10. இரண்டாம் மாதத்திலிருந்து உடம்பில் நெருப்பு வைத்த மாதிரி. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வரும், கழுத்திலிருந்து காது வரை சூடு ஏறும், நைட்டி நனைந்து முதுகில் ஒட்டும், காற்றாடியை 5இல் வைத்துவிட்டுச் சிமெண்டுத் தரையில் படுத்துக்கொள்வேன், பத்து நிமிடத்தில் குளிர் எடுக்கும். ஒரு நாள் பசார் மாலாமில், ராத்திரிச் சந்தையில், பார்த்த பழைய சிநேகிதி, அந்த மாத்திரை கர்ப்பப்பையைக் கெடுக்கும், நிறுத்து என்றாள். நிறுத்திவிட்டேன், 7 வாரம். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த தவணையில் மருந்தகத்தில் மிச்சம் இருந்த அட்டைகளை மிஸ்ஸி எண்ணினாள். 49 மாத்திரை கூடுதல். ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தாள், அந்தப் பார்வைக்கு டாக்டரே திட்டியிருக்கலாம்.

சிநேகிதி சொன்னதில் பாதி உண்மை. மார்பில் காதை அடைக்கும் அதே மாத்திரை, கர்ப்பப்பையில் கொஞ்சம் மணி அடித்துவிடும். உள்சுவர் தடிக்கலாம், அபூர்வமாகப் புற்றுநோயே வரலாம். அதற்காக நிறுத்துவது வழி இல்லை, ரத்தப்போக்கில் வழக்கத்துக்கு மாறாக ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே சொல்ல வேண்டும். மாதவிலக்கு நின்றவர்கள் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஒரு பக்கக் கால் வீங்கி வலித்தாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ அவசரப் பிரிவுக்கே போக வேண்டும், ரத்தம் உறைந்திருக்கலாம். சூட்டுக்கு மருந்து இருக்கிறது, வாய் திறந்து கேட்டால் கொடுப்பார்கள். எனக்கு மனச்சோர்வு மாத்திரை வகையில் ஒன்றைக் குறைந்த அளவில் கொடுத்தார்கள், பாதி ராத்திரி தூக்கம் திரும்பியது. ஆனால் அந்த வகையிலேயே பரோக்செட்டின், ஃப்ளூவாக்செட்டின் இரண்டும் தமாக்சிஃபெனை வேலை செய்யவிடாமல் தடுக்கக்கூடியவை, அதனால் வேறு கிளினிக்கில் என்ன எழுதிக்கொடுத்தாலும் இந்த மாத்திரையின் பெயரை முதலில் சொல்லிவிடுங்கள். லெட்ரோசோலுக்கு மாறியவர்களுக்கு எலும்புதான் கவலை, எலும்பு அடர்த்தி ஸ்கேன் கேட்டு வாங்குங்கள். சோயா தண்ணீர், தவ்ஃபூ சாப்பிடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சாப்பாடாகச் சாப்பிடலாம் என்றுதான் எனக்குச் சொன்னார்கள், மாத்திரையாக விற்கும் சோயா சத்துதான் வேண்டாம்.

கோப்பு ஒன்று வைத்திருக்கிறேன், ஆபிசில் வைப்பது மாதிரியே, பிரிவுச்சீட்டு ஒட்டி. முதல் பக்கத்தில் கட்டி அளவு, கிரேடு, கட்டி பரவிய நெறிக்கட்டி எத்தனை, அப்புறம் அந்த மூன்று வரி. பின்னால் ஃபிஷ், ரத்த மரபணு முடிவு, இரண்டும் தனித்தனி உறையில், கலந்துவிடாமல். நோய் திரும்பி வந்தால் புதுக் கட்டியில் மறுபடி சதை எடுத்து மூன்றையும் புதிதாகப் பார்க்க வேண்டும், பழைய ரிப்போர்ட்டை நம்பி மருந்து தொடங்கக் கூடாது, ஏற்பி மாறியிருக்கலாம். அதையும் உள்பக்க அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன், அன்றைக்கு எனக்கு ஞாபகம் இல்லாவிட்டால் கூட வருகிறவர் பார்க்கட்டும் என்று.

அரசாங்க ஆஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட்தான், ஆனால் ஒரு நாள் பூராவும் போய்விடும். அடுத்த வியாழன் எனக்குத் தவணை. மகள் லீவு போட்டிருக்கிறாள், கோப்பை அவள்தான் தூக்கிக்கொண்டு வருவாளாம். போகும் வழியில் செம்மோர் சந்தியில் நாசி லெமாக் வாங்கித் தர வேண்டும், சம்பல் தனியாகக் கட்டச் சொல்லி.